ஏழாம் தூணின் கண்ணாடி

பத்திரப் பதிவுக்கு இன்னும் நாற்பத்தொன்பது மணி நேரம் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. வியாழக்கிழமை பதினொன்றுக்குப் பதிவு அலுவலகத்தில் நேரம் வாங்கியிருந்தார்கள். சின்னவள் மோட்டார் அறையை ஒட்டிய அலுவலக அறையில் உட்கார்ந்து மராமத்து ரசீதுகளை மாதவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ரசீதுகளைக் கேட்டவர் லாரிக்காரர். முப்பது வருடம் இரண்டு லாரிகளை ஓட்டிச் சம்பாதித்து, இப்போது இரண்டையும் விற்று, அந்தப் பணத்தில் இந்தப் பன்னிரண்டு வீட்டுக் கட்டடத்தை வாங்க வருகிறவர். "வண்டி வாங்கறப்போ இன்ஜினைப் பிரிச்சுப் பாப்பேன். கட்டடத்தைப் பிரிக்க முடியாதே. அதான், பில்லைக் காட்டுங்க தங்கச்சி" என்று போன வாரம் சிரித்தபடி கேட்டிருந்தார். முதல் நாலு வருடத்துக் கட்டு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. மிச்சம் கடைசி இரண்டு வருடம்.

ரசீது விஷயத்தில் சின்னவளை நோக்கி யாரும் விரல் நீட்ட முடியாது. குழாய் வாஷர் ஒன்று வாங்கினாலும் எந்த வீட்டுக்கு, யார் மாட்டியது, என்றைக்கு என்று பின்பக்கம் எழுதிவைப்பாள். நான்கு வருடமாக அப்படித்தான். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள வெளியாள் வைத்தால் வாடகையில் நூற்றுக்கு எட்டு கேட்கிறான் என்று அண்ணன் சொன்னபோது, பரிசோதனைக்கூட வேலையை விட்டுவிட்டு இந்த நாற்காலிக்கு வந்தவள் அவள்.

கண்ணாடிக் கடை ரசீது மூன்று இருந்தன. மூன்றிலும் ஒரே பொருள்: கண்ணாடிப் பட்டை, ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம், ஒன்று. பின்பக்கத்தில் மட்டும் அவள் கையெழுத்தில் வீட்டு எண் இல்லை. 'பொது' என்று எழுதியிருந்தாள்.

ஒரு சாண் நீளத்தில் எந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போடுவார்கள்?

அவள் எழுந்து வெளியே வந்தாள். தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்துமிடம். பதினாறு தூண்கள், அடியில் கறுப்பு, மேலே வெள்ளை. மோட்டார் அறைக்கு எதிரே ஏழாம் நம்பர் தூண். அதன் தலையில், உத்தரம் வந்து உட்காரும் இடத்துக்குக் கீழே, விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டை. இரண்டு முனையிலும் சாந்து வைத்து ஒட்டியது. நடுவில் கறுப்பு மையில் தேதி. பதினான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. கண்ணாடி முழுசாக இருந்தது.

அதை ஒட்டியவர் இன்ஜினியர். ஒட்டும்போது அண்ணனும் அவளும் பக்கத்தில் நின்றார்கள். "விரிசல் எல்லாக் கட்டடத்துலயும் வரும். பழைய விரிசலா, ஓடிக்கிட்டிருக்கற விரிசலாங்கறதுதான் கேள்வி. கண்ணாடி வளையாது. தூண் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் பட்டுனு உடைஞ்சிடும். உடைஞ்சா அன்னிக்கே எனக்கு போன் பண்ணுங்க. ஒரு வருஷம் உடையலைன்னா கவலை இல்லை" என்றார். நாலு மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்றும் சொன்னார். ஒரு தடவைக்கு எவ்வளவு என்று கேட்ட அண்ணன், "உடைஞ்சா நாங்களே கூப்பிடறோம் சார், சும்மா வந்து கண்ணாடியைப் பாத்துட்டுப் போறதுக்கு எதுக்கு உங்களுக்குச் சிரமம்" என்று வாசல் வரை கொண்டுபோய் விட்டான்.

அன்றிலிருந்து சின்னவள் காலையில் வந்ததும் அந்தக் கண்ணாடியை ஒரு பார்வை பார்ப்பாள். முழுசாக இருக்கும். நிம்மதியாகப் போய் உட்காருவாள்.

மேஸ்திரி மாடிப்படிக் கைப்பிடிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். கட்டடம் கைமாறும்போது பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது அண்ணன் உத்தரவு. அவள் கூப்பிட்டதும் தூரிகையை டப்பாவின் மேல் வைத்துவிட்டு, துண்டில் கை துடைத்தபடி இறங்கி வந்தார்.

"மேஸ்திரி, இந்தக் கண்ணாடி..."

"ஏம்மா, மறுபடியும் உடைஞ்சிடுச்சா?" என்று அண்ணாந்து பார்த்தார். "இல்லையே, நல்லாத்தானே இருக்கு."

சின்னவள் அவர் பக்கம் திரும்பினாள். "எத்தனை தடவை மாத்தினீங்க?"

"மூணு. பசங்க பந்து அடிக்கறாங்கம்மா, வேற என்ன? சொன்னாக் கேக்கறாங்களா? ஒரு தடவை நானே ஒருத்தன் காதைத் திருகிட்டேன். அவன் பண்ணலைன்னு சத்தியம் பண்றான், அயோக்கியப் பய."

"தேதி எப்படி அப்படியே இருக்கு?"

மேஸ்திரியின் முகத்தில் பெருமை வந்தது. "உடைஞ்சதைக் கீழ வெச்சு, புதுசை மேல வெச்சு, அப்படியே எழுத்து மேல எழுத்தா இழுத்தேன். இன்ஜினியர் எழுதினது போயிடக்கூடாது பாருங்க. புதுச் சாந்து தனியாத் தெரியக்கூடாதுன்னு கொஞ்சம் கரியும் தடவினேன். விரிசல்லயும் பட்டி போட்டு அடைச்சேன். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகமாப் பட்டி பிடிக்குது அது, சனியன். எந்த வேலை செஞ்சாலும் செஞ்ச இடம் தெரியக்கூடாதும்மா."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சின்னச் செலவுக்கெல்லாம் கேக்க வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க? உடைஞ்சது எதுவா இருந்தாலும் மறுநாள் காலைக்குள்ள மாத்திடணும், வாடகைக்காரங்க கண்ணுல படக்கூடாதுன்னு." அவர் குரல் மெல்ல இறங்கியது. "தப்பா ஏதாச்சும்...?"

"இல்ல. நீங்க போங்க" என்றாள்.

அது அவள் போட்ட விதிதான். முதல் வருடத்திலேயே போட்டது. கட்டடத்தில் ஒரு பல்பு அணைந்து நாலு நாள் அப்படியே கிடந்தால், குடியிருப்பவன் அடுத்த வீடு தேட ஆரம்பித்துவிடுவான் என்று கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தாள். அந்த விதிக்குப் பிறகு இரண்டு வருடம் ஒருவரும் காலி செய்யவில்லை. அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டான். அந்த விதியில் ஏழாம் தூணின் கண்ணாடி சேராது என்று மேஸ்திரியிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் அவள்.

அறைக்குத் திரும்பி மூன்று ரசீதுகளின் தேதிகளை ஒரு தாளில் எழுதினாள். ஒட்டியதிலிருந்து ஆறு மாதத்தில் முதல் தடவை. அதிலிருந்து நாலு மாதத்தில் இரண்டாவது. அதிலிருந்து மூன்று மாதத்தில் மூன்றாவது. கடைசியாக மாற்றி ஐந்து வாரம் ஆகிறது.

பிறகு கட்டைப் பிரித்து, மற்ற ரசீதுகளையும் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தாள். குளியலறைக் கதவு சிக்குகிறது, சீவியது: முதல் மாடி மூன்றாம் வீடு. தரை ஓடு எழும்பியது, ஒட்டியது: இரண்டாம் மாடி மூன்றாம் வீடு. சமையலறை ஜன்னல் மூடவில்லை, சட்டம் இழைத்தது: மூன்றாம் மாடி மூன்றாம் வீடு. மறுபடி கதவு, இப்போது இரண்டாம் மாடியில். மறுபடி ஓடு. எல்லாம் ஏழாம் தூணுக்கு நேர் மேலே, ஒன்றின் மேல் ஒன்றாக. ஒவ்வொன்றும் மறுநாள் காலைக்குள் சரிசெய்யப்பட்டிருந்தது. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் அவள் கையெழுத்து.

*

அண்ணன் மதியம் வந்தான். கையில் பழச்சாறு பாட்டில் இரண்டு. ஒன்றை அவள் முன்னால் வைத்துவிட்டு, சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தான்.

"குடி. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? விக்கறது நம்ம கட்டடத்தை, உன் கிட்னியை இல்ல."

அவள் மூன்று ரசீதுகளையும் மேஜையில் பரப்பினாள். தேதி எழுதிய தாளையும் வைத்தாள்.

அண்ணன் எடுத்துப் பார்த்தான். முதல் ரசீதில் புருவம் சுருங்கியது. மூன்றாவதில் முகம் வெளுத்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.

"அண்ணா, அந்தக் கண்ணாடி..."

"பேசாதே." கையை உயர்த்தினான். "ஒரு நிமிஷம். வாயைத் திறக்காதே. இப்ப வரைக்கும் நீ என்கிட்ட ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல."

"பாத்துட்டேதானே?"

"என்னத்தைப் பாத்தேன்? கண்ணாடிக் கடை பில்லு. கட்டடம்னா கண்ணாடி உடையும்." உட்கார்ந்தான். பாட்டிலைத் திறக்க முயன்றான், மூடி வழுக்கியது. "இன்ஜினியர் நாளைக்கு வர்றார். கண்ணாடி முழுசா இருக்கு. பாப்பார், கையெழுத்துப் போடுவார். அது அவர் வேலை."

மோட்டார் ஓட ஆரம்பித்தது. மேஜைமேல் பேனாக்கள் கூட்டுக்குள் நடுங்கின.

"கணக்கு உனக்குத் தெரியாதா? நீதானே எழுதறே?" என்றான் அண்ணன்.

தெரியும். வாங்கிய வருடத்தில் கணக்கு அழகாக இருந்தது. வாடகையாக வரும் ஒவ்வொரு நூறிலும் அறுபது வங்கித் தவணைக்கு, பதினைந்து வரிக்கும் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும், பத்து மராமத்து நிதிக்கு, மீதி பதினைந்து கைக்கு. கடனுக்கு ஒரு சம்பளம் போதாது என்று பாதிக் கட்டடத்தை அண்ணன் அவள் பேரில் எழுதினான். அதுவும் போதாமல் அம்மாவின் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தார்கள். பிறகு வட்டி இரண்டு தடவை ஏறியது. அறுபது எண்பத்துநாலு ஆயிற்று. இரண்டு வீடுகள் ஏழு மாதம் காலியாகக் கிடந்தன. வாடகையைக் கொஞ்சம் இறக்கலாம் என்று அவள் சொன்னாள். "ஒருத்தனுக்கு இறக்கினா பத்துப் பேரும் வரிசையில நிப்பான்" என்று அண்ணன் மறுத்துவிட்டான். ஏழு மாதக் காலி வீட்டின் நஷ்டம் அந்த இறக்கத்தைவிட நாலு மடங்கு என்று அவள் எழுதிக் காட்டியபோது, "காகிதத்துல எல்லாம் நடக்கும்" என்றான். முதலில் மராமத்து நிதி நின்றது. அடுத்து அதில் இருந்ததை எடுத்தார்கள். அதற்கடுத்து வாடகைக்காரர்கள் கொடுத்திருந்த முன்பணத்தில் கை வைத்தார்கள். இப்போது வங்கி மூன்றாவது நோட்டீஸ் அனுப்பிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பாக்கி கட்டாவிட்டால் கட்டடமும் அம்மாவின் வீடும் ஒரே நாளில் ஏலத்துக்குப் போகும்.

"தூணைச் சரி பண்ணணும்னா என்ன பண்ணணும்? முட்டுக் கொடுக்கணும். அந்தப் பக்கம் நாலு தூணையும் உடைச்சுக் கட்டணும். எல்லாரையும் காலி பண்ணச் சொல்லணும். காலி பண்ணினா முன்பணத்தைத் திருப்பிக் கேப்பாங்க. எங்க இருக்கு முன்பணம்? உன் பையில இருக்கா? என் பையில இருக்கா?" அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "லாரிக்காரர் கொடுக்கறதுல கடன் அடையும். அம்மா வீட்டுப் பத்திரம் திரும்பி வரும். நமக்கு மிச்சம் ஒரு பைசா கிடையாது. வெறுங்கையோட வெளியில வரோம், அவ்வளவுதான். அதுகூடக் கூடாதா?"

"அவர் வாங்கி அதுல குடியிருக்கப்போறார், அண்ணா."

"கட்டடம் நிக்குதா? நிக்குது. ஆறு வருஷமா நிக்குது. உன் கண்ணாடிக்குத் தெரிஞ்சது கட்டடத்துக்குத் தெரியல போல." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. மூன்று ரசீதுகளையும் மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இது ஃபைல்ல வேணாம்."

கதவைத் திறக்கும் முன் திரும்பினான். இந்தத் தடவை குரல் உடைந்திருந்தது.

"நான் வேணும்னு பண்ணினேனா சொல்லு? நீ வேணும்னு பண்ணினியா? அப்புறம் எதுக்கு நாம மட்டும் தெருவுல நிக்கணும்?"

*

புதன்கிழமை காலை இன்ஜினியர் வந்தார். முதுகுவலிக்காக இடுப்பில் பட்டை கட்டியிருந்தார்; ஏணியில் ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு "அப்பாடா". மேஸ்திரியை அண்ணன் அன்றைக்கு ஊரின் மறுகோடிக்கு ஓடு வாங்க அனுப்பிவிட்டான். தேவையில்லாத ஓடு.

"தூணுக்கு பெயிண்ட் அடிக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்றார் மேலேயிருந்து.

"விக்கற சாமான் சார். பொண்ணு பாக்க வர்றப்போ பவுடர் போடாம நிறுத்த முடியுமா?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரன் பாடு" என்று சிரித்தார் இன்ஜினியர். கண்ணாடியின் மேல் டார்ச் அடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவினார். தேதியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார்.

"என் கையெழுத்து இவ்வளவு நல்லாவா இருக்கு? வீட்டுல மளிகைச் சீட்டு எழுதினா மருந்துச் சீட்டுன்னு நினைக்கறாங்க."

அண்ணன் சத்தமாகச் சிரித்தான். சின்னவள் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதை யாரும் தொடலையேம்மா?"

அவளைப் பார்த்துத்தான் கேட்டார். அண்ணன் முந்திக்கொண்டான்.

"அவ்வளவு உசரத்துல யார் சார் தொடப்போறா?"

இன்ஜினியர் அவள் பதிலுக்காக இன்னும் ஒரு நொடி பார்த்தார். பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அலுவலக அறையில் உட்கார்ந்து, பதினான்கு மாதக் கண்காணிப்பில் அசைவு இல்லை, கூடுதலாக ஒரு தளம் எழுப்ப விரும்பினால் தனி ஆய்வு செய்யவும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அண்ணன் கட்டணத்தை உறையில் போட்டு இரண்டு கையாலும் கொடுத்தான். பேரம் பேசவில்லை. அவன் பேரம் பேசாமல் பணம் கொடுத்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் போனதும் இரண்டாம் மாடி மூன்றாம் வீட்டு டீச்சர் படியில் இறங்கி வந்தார். தோளில் பை, இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகள்.

"கொஞ்சம் மேஸ்திரியை அனுப்பறியாம்மா? குளியலறைக் கதவு மறுபடி சிக்குது. இன்னிக்குக் காலையில சின்னது உள்ள மாட்டிக்கிட்டு அலறினதுல தெருவே கூடிடுச்சு. எத்தனை தடவைதான் சீவுவார், பாவம். இப்படியே போனா கதவு தீக்குச்சி ஆயிடும்."

"அனுப்பறேன் டீச்சர்" என்றாள் சின்னவள், பழக்கதோஷத்தில். "நாளைக்குக் காலைக்குள்ள."

"உன்னை மாதிரி பொறுப்பா பாத்துக்கற ஆள் எங்க கிடைக்கும்? புதுசா வர்றவர்கிட்டயும் நீயே இருன்னு நான் சொல்லப்போறேன், பாரு."

டீச்சர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார். பெரியது போகிற போக்கில் ஏழாம் தூணை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போயிற்று.

மாலையில் சின்னவள் வீட்டுக்குப் போனபோது அம்மா பீரோவைத் திறந்து, பத்திரம் வைக்கும் தகரப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடமாக வெறுமையாக இருந்த பெட்டி.

"நாளைக்கே கையில கொடுத்திடுவாங்களா, இல்ல வங்கிக்காரன் இழுத்தடிப்பானா?" என்று கேட்டாள் அம்மா.

"ஒரு வாரம் ஆகும்."

"ஆகட்டும். அப்பா போனப்போகூட நான் இவ்வளவு பயப்படல. இந்த நோட்டீஸ் வர ஆரம்பிச்சதிலேர்ந்து வாசல் மணி அடிச்சாலே நெஞ்சு அடைக்குது." துணியை உதறினாள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடும் இல்ல?"

"ம்" என்றாள் சின்னவள்.

அண்ணன் எட்டு மணிக்குள் மூன்று தடவை போன் செய்தான். மூன்று தடவையும் கேட்டது ஒன்றுதான்: "சாப்பிட்டியா?"

*

பதிவு அலுவலகத்தில் நாற்காலிகள் வரிசையாகச் சுவரோடு பொருத்தப்பட்டிருந்தன. லாரிக்காரர் பத்து மணிக்கே வந்து, பக்கத்தில் மனைவியும் மடியில் சின்னவளின் ஃபைலுமாக உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டையின் மடிப்பு இன்னும் கலையவில்லை.

"வாங்க தங்கச்சி, வாங்க. நேத்து முழுக்க இதைத்தான் படிச்சேன். இவளுக்கும் படிச்சுக் காட்டினேன்."

"ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாக்கூட, இரு, மூணாம் வருஷம் முடிச்சுட்டு வரேங்கறார்" என்றார் அவர் மனைவி. "கதைப் புத்தகம் தோத்துது போங்க."

"நீ சும்மா இரு. முப்பது வருஷத்துல இப்படி ஒரு ரெக்கார்டை நான் எந்தக் கம்பெனியிலயும் பாத்ததில்ல. வாஷர் போட்டதுக்கு பில் வெச்சிருக்காங்க, வாஷருக்கு!" அவர் சின்னவள் பக்கம் திரும்பினார். "நானே தனியா ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டணும்னு இருந்தேன். மச்சான் ஒரு ஆளைக்கூடச் சொல்லிவெச்சிருந்தார். இதைப் பாத்த பிறகு வேணாம்னுட்டேன். இவ்வளவு ஒழுங்கா பாத்துக்கிட்டவங்க கட்டடத்துல என்ன இருக்கப்போகுது? அந்தக் காசுக்கு மாடியில இன்னொரு தண்ணித் தொட்டி வெச்சுடலாம்."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் சின்னவள். அவள் பேசியது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. காலால் அவள் காலைத் தொட்டான்.

"மோட்டார் ரூமுக்கு நேர் மேலதான். குழாய் மிச்சம் பாருங்க. அடுத்த வருஷம் ஒரு மாடி ஏத்தணும். முதல் மாடியில காலியா இருக்கே, மூணாம் வீடு, அதுல பொண்ணை வெக்கறோம். ரெண்டு பேத்திங்க. பெரியவ இப்பவே எந்த ஜன்னல் எனக்குன்னு சண்டை போடறா."

"மூத்தவங்கற உரிமையிலதான் சண்டை" என்றார் மனைவி. "சின்னது பேசத் தெரியாட்டியும் கடிக்குது."

அண்ணன் எல்லாவற்றுக்கும் சிரித்தான். சரியான இடத்தில், சரியான அளவுக்குச் சிரித்தான். அவன் சட்டையின் முதுகு மட்டும் முழுக்க நனைந்திருந்தது.

பத்தே முக்காலுக்கு அவன் அவளைத் தண்ணீர் குடிக்கலாம் என்று வராந்தாவுக்கு அழைத்துப்போனான். தண்ணீர் பிடித்துக் கொடுத்தான். தான் குடிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன். கேட்டுக்கோ. இன்னிக்கு முடியட்டும். ஒரு மாசம் கழிச்சு, அந்தப் பணமெல்லாம் வங்கிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, நானே அவர்கிட்டப் போய், தூணை ஒரு தடவை பாத்துக்கோங்கன்னு சொல்றேன். பட்டும் படாம. சரியா?"

"அவர்கிட்ட அப்போ சரி பண்ணப் பணம் இருக்குமா?"

அண்ணன் குழாயை இறுக மூடினான்.

"லாரி ரெண்டையும் வித்துட்டார் அண்ணா. நம்மகிட்ட இல்லாத பணம் அவர்கிட்ட மட்டும் எப்படி இருக்கும்?"

"அம்மாவை எங்க கொண்டுபோய் வெப்பே?" என்றான் அவன். குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே அவளிடம் வழி கேட்பதுபோல் கேட்டான். "சொல்லு. நீ சொல்ற இடத்துல வெக்கறேன்."

அவளிடம் இடம் இல்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். உள்ளே அவர்களுடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

பதிவாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பத்திரத்தைப் புரட்டினார். ஒரு நாளைக்கு நாற்பது பத்திரம் பார்க்கிறவரின் அலுப்பு அவர் குரலில் இருந்தது. விற்பவர் இருவர், வாங்குபவர் இருவர். அடையாள அட்டைகள். புகைப்படங்கள். பெருவிரல் மை. லாரிக்காரர் மையைத் துடைக்காமல் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். புதுச் சட்டையில் பட்டுவிடக்கூடாது என்ற கவனம். அவர் மனைவி பையிலிருந்து ஒரு துணியை எடுத்து அந்த விரலைத் துடைத்துவிட்டார்.

"பக்கம் ஆறு. விற்பவர் உறுதிமொழி. படிக்கறேன், கேட்டுக்கோங்க" என்றார் பதிவாளர். "மேற்படி சொத்தின் பேரில் வங்கிக் கடனைத் தவிர வேறு கடன், வழக்கு, பாத்தியதை எதுவும் இல்லை என்றும், கட்டடத்தின் நிலை குறித்து விற்பவர்களுக்குத் தெரிந்த குறை எதையும் வாங்குபவர்களிடம் மறைக்கவில்லை என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறோம். ரெண்டு பேரும் தனித்தனியா வாயால சொல்லணும். நீங்க?"

"ஆமாம். மறைக்கல" என்றான் அண்ணன். பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டான். பேனாவை அவளிடம் நீட்டியபோது அவன் விரல்கள் சில்லென்று இருந்தன.

"நீங்கம்மா?"

சின்னவள் பேனாவை வாங்கினாள். காகிதத்தில் அவள் பேர் அச்சாகியிருந்தது. அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்கு வலப்பக்கம் லாரிக்காரர் அந்த ஃபைலை வைத்திருந்தார், இரண்டு கையாலும், யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்பதுபோல.

"சொல்லுங்கம்மா. வெளியில இன்னும் இருபது பேர் நிக்கறாங்க."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினொன்று பத்து. அவன் உதடுகள் மட்டும் லேசாக அசைந்தன. வேண்டாம் என்கிறானா, ஏதாவது எண்ணுகிறானா என்று தெரியவில்லை.

பேனாவை மேஜையில் வைத்தாள்.

"என்னம்மா?" என்றார் பதிவாளர்.

"என்ன தங்கச்சி, மை வரலையா?" என்றார் லாரிக்காரர்.

"ஏழாம் தூணுல ஒட்டின கண்ணாடி மூணு தடவை உடைஞ்சது" என்றாள் சின்னவள். "உடைய உடைய புதுசு மாத்தினது நாங்கதான். இன்ஜினியருக்குத் தெரியாது. தூண் நகர்ந்துக்கிட்டே இருக்கு."